லட்சம் கோடியில் ஒரு அணு

மிக அரிய ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடை கொண்ட அணுக்களை) மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவி) கண்டுபிடித்ததாகச் சொன்னால் நம்பலாமா என்று கடலூர், புதுச்சேரி நண்பர்கள் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம் மாணவி: கார்பன்-14, நைட்ரஜன்-14 இரண்டுக்கும் எடை ஒன்றுதானே? கருவி எப்படிப் பிரிக்கிறது?

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள் அம்மா. கார்பன்-14 காலப்போக்கில் சிதைந்து குறையும்; மிஞ்சியதை எண்ணித்தான் கரியின் வயதைச் சொல்கிறார்கள். புதிய கரியில்கூட அது லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நைட்ரஜனோ காற்றெல்லாம் நிறைந்து கிடக்கிறது. சாதாரணக் கருவியில் அந்த ஒன்று காணாமலே போய்விடும். 1977-ல், அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) அதிவேகமாக ஓடவிடும் முடுக்கியைக் கருவியோடு சேர்த்த பிறகுதான் வழி பிறந்தது. கரியை கிராஃபைட்டாக மாற்றி, சீசியம் அயனிகளால் அடித்து, எதிர்மின் அயனிகளாக எடுப்பார்கள். நைட்ரஜன் எதிர்மின் அயனியாக நிலைக்காது, ஆகவே வாசலிலேயே கழன்றுவிடும். அப்புறம் இன்னொரு போலி உண்டு: கார்பன்-12 இரண்டு ஹைட்ரஜனோடு ஒட்டிக்கொண்டாலும் எடை 14. அதை வேகமாக ஓடவிட்டு மெல்லிய வாயுவுக்குள் செலுத்தினால், எலெக்ட்ரான்கள் உரிந்து மூலக்கூறு சிதறிப்போகும்.

அரியாங்குப்பம் நண்பர்: அரிக்கமேட்டு அகழாய்வில் ஒரு சிட்டிகைக் கரி கிடைத்தால் வயது சொல்லப் போதுமா?

தாராளமாக. ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். அது இன்றைய கரியாக இருந்தால் அதில் சுமார் 6 கோடி கார்பன்-14 அணுக்கள் இருக்கும். சிதைவதை மட்டும் எண்ணினால் நாளுக்கு 20 தேறும். முடுக்கி அணுவையே எண்ணுகிறது. 10,000 எண்ணினால் பிழை 1 சதவீதம், அதாவது 80 வருஷம் முன்பின். 40,000 எண்ணினால் 40 வருஷம். ஆனால் கரி எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதைத் தோண்டியவர்தான் சொல்ல வேண்டும்.

நெய்வேலி வாசகர்: எங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரியை அனுப்பினால் வயது வருமா?

வரும் ஐயா, அதுதான் ஆபத்து. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய சரக்கு அது. கார்பன்-14 துளியும் மிஞ்சியிருக்காது. இருந்தும் கருவி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், ஏனென்றால் கைபட்ட அழுக்கும் காற்றும் சேர்ந்துவிடுகின்றன. இப்படிச் செத்த கரியில் 1 சதவீதம் புதுக் கார்பன் கலந்தாலே 37,000 வயது என்று காட்டும்! பழங்கரித் துண்டை லென்ஸுக்கடியில் வைத்துப் பாருங்கள், தலைமயிரைவிட மெல்லிய வேர்கள் ஊடுருவியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடுங்கி, அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவ வேண்டும். செத்த கரியையும் அதே பாதையில் கொண்டுபோய் எண்ணுவார்கள், அதற்குப் பெயர் பிளாங்க். எந்த ஆய்வகம் வயது சொன்னாலும் நான் முதலில் கேட்பது, ‘பிளாங்க் எவ்வளவு வந்தது?’

லாஸ்பேட்டை நண்பர்: இயற்கைத் தோரியத்தில் 122-ஆம் தனிமம் கிடைத்ததாக வந்த செய்தி?

2008-ல் மரினோவ் என்ற இயற்பியலாளரின் குழு சொன்னது. எடை 292, தோரியத்தோடு ஒப்பிட்டால் லட்சம் கோடிக்கு ஒன்று முதல் பத்து வரை என்றார்கள். முடுக்கி இல்லாத கருவியில், விரல்விட்டு எண்ணும் அளவு சமிக்ஞை. பிறகு வியன்னாவில் முடுக்கி வைத்து, அதைவிடக் குறைந்த அளவு வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டாவது கருவியும் பார்க்கும்வரை இப்படிப்பட்ட செய்தியை நான் ஏற்கமாட்டேன்.