எஸ்3-இல் 30 நாள் தாண்டிய ஃபைல்களைத் தானாக அழிப்பது எப்படி?

நாகர்கோவிலில் ஸ்டுடியோ நடத்துகிறீர்கள், கல்யாண வீடியோ ப்ரிவ்யூக்கள் எஸ்3-இல் (அமேசானின் இணையச் சேமிப்பகம்) ஏற்றி 30 நாளானதும் தானாக அழிய வேண்டும், அதற்கு தினமும் ஒரு ஸ்கிரிப்ட் ஓட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். பக்கெட்டில் (எஸ்3-இல் ஃபைல்களைப் போட்டு வைக்கும் இடம்) மேனேஜ்மென்ட் டேபைத் திறந்து, 30 நாளானதும் அழிக்கச் சொல்லும் லைஃப்சைக்கிள் ரூல் ஒன்று போடுங்கள், ப்ரிஃபிக்ஸில், அதாவது ஃபைல் பெயரின் தொடக்கத்தைக் குறிக்கும் கட்டத்தில், ப்ரிவ்யூ ஃபோல்டரின் பெயரைக் கடைசிச் சாய்கோட்டோடு (/) சேர்த்துக் கொடுங்கள், கோட்டை விட்டால் அதே எழுத்துகளில் தொடங்கும் மற்ற ஃபோல்டர்களும் மாட்டிக்கொள்ளும்.

ரூல் பழைய ஃபைல்களுக்கும் சேர்த்துத்தான், அதனால் ஒரிஜினல் எதுவும் அந்த ஃபோல்டரில் கிடக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

30 நாள் கணக்கு யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவுக்கு, அதாவது நம்ம ஊர் நேரம் காலை 5.30-க்கு முடியும். சரியாக அந்த நிமிடமே அழிந்துவிடாது, கொஞ்சம் பிந்தலாம், ஆனால் ஸ்டாண்டர்டு என்ற சாதாரண சேமிப்பு வகையில் வைத்திருந்தால் காலாவதி ஆன பிறகு சேமிப்புக் கட்டணம் ஏறாது.

பலரும் சறுக்குவது வெர்ஷனிங்கில்தான், அதாவது ஒரு ஃபைலின் பழைய பிரதிகளையும் சேர்த்து வைக்கும் வசதியில். அது ஆனில் இருந்தால் ஃபைல் நிஜமாக அழியாது, மேலே ஒரு டிலீட் மார்க்கர் (அழிந்தது என்ற அடையாளம்) மட்டும் விழும், பழைய வெர்ஷன் உள்ளேயே கிடந்து பில் ஏற்றும். நான்கரன்ட் வெர்ஷன்களை, அதாவது இந்தப் பழைய பிரதிகளை, நிரந்தரமாக நீக்கும் தேர்வையும் அதே ரூலில் டிக் செய்யுங்கள். அப்புறம், நெட் விட்டுவிட்டு வரும் இடங்களிலிருந்து ஏற்றும்போது பாதியில் நின்ற மல்டிபார்ட் அப்லோடுகளுக்கும் (பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக ஏற்றுவது) காசு போகும், 7 நாளில் அவற்றைக் கைவிடச் சொல்லி ரூலில் வையுங்கள்.