மிச்சமாகும் யூனிட் எந்த விலைப் படியில் இருக்கிறது?

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். ஏ.சி. இல்லாமல் இரண்டு மாதங்களுக்கு 380 யூனிட் மின்சாரம் செலவாகிறது. படுக்கையறைக்கு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்க விரும்புகிறோம். மூன்று நட்சத்திரத்தைவிட ஐந்து நட்சத்திர ஏ.சி. 8,000 ரூபாய் கூடுதல். அதைக் கொடுப்பது தகுமா?

பதில்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரவுதோறும் எட்டு மணி நேரம் ஓடுமானால், தகும். ஏ.சி.யின் மேல் ஒட்டப்பட்டுள்ள லேபிளில் ஆண்டு மின்செலவு 1,600 மணி நேர ஓட்டத்துக்குக் கணக்கிட்டு அச்சிடப்பட்டிருக்கும். நட்சத்திரம் வழங்க 2022 ஜூலையில் வந்த அளவுகோலின்படி, ஒன்றரை டன் அளவில் அது மூன்று நட்சத்திரத்துக்கு ஏறத்தாழ 950 யூனிட், ஐந்து நட்சத்திரத்துக்கு 750 யூனிட் என்ற அளவில் இருந்தது. இதன்படி, இரண்டு மாத இரவுகளுக்கு முன்னது 285 யூனிட்டும் பின்னது 225 யூனிட்டும் இழுக்கும். உங்கள் மொத்தச் செலவு முறையே 665, 605 யூனிட் ஆகும்.

பலரும் சராசரி விலையை வைத்துக் கணக்கிட்டு, மிச்சம் சொற்பம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் மிச்சமாகும் யூனிட் எப்போதும் மின்கட்டணப் பட்டியலின் உச்சியில், விலை மிகுந்த படியில் இருப்பது. 2024 ஜூலை கட்டணப்படி 601 முதல் 800 வரையிலான யூனிட்டின் விலை 9 ரூபாய் 65 காசு என்பதால், அந்த 60 யூனிட்டுக்கு ஒரு பட்டியலில் 579 ரூபாயும், மூன்று பட்டியல்களில் ஏறத்தாழ 1,740 ரூபாயும் மிஞ்சும். கூடுதலாகக் கொடுத்த பணம் ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். ஏ.சி. இல்லாமல் 250 யூனிட் மட்டுமே செலவாகும் வீடாக இருந்தால் பயன் வேறு விதமானது: அங்கே மூன்று நட்சத்திரம் 535 யூனிட்டுக்குக் கொண்டுபோகும், ஐந்து நட்சத்திரமோ 475 யூனிட்டிலேயே நிறுத்தும். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய சலுகை விலையும் போய்விடும் என்பதால், அந்த எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கிட வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டுமே ஏ.சி. போடுபவர்களுக்கு மூன்று நட்சத்திரமே போதும்.

நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 2022 ஜூலையில் அளவுகோல் கடுமையாக்கப்பட்டபோது, பழைய ஐந்து நட்சத்திர மாடல்கள் பல நான்காக இறங்கின. லேபிளில் உள்ள ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையும் (செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர் கிடைக்கும் என்பதன் அளவு; கூடுதலாக இருப்பதே நல்லது) லேபிளின் செல்லுபடிக் காலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று நட்சத்திர லேபிள் வழங்கும் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு கூறுகிறது, 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் சுழலவிட்டால் உறக்கத்துக்குக் குறைவிராது.

கேள்வி: எங்கள் பழைய ஏ.சி.க்கு ஒவ்வொரு கோடையிலும் மெக்கானிக் 'கேஸ் குறைந்துவிட்டது' என்று சொல்லி நிரப்பிவிட்டுப் பணம் வாங்குகிறார். இது இயல்புதானா?

பதில்: இயல்பு அன்று. கேஸ் என்பது பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் அதுவே மீண்டும் மீண்டும் சுழல்கிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்து, வெற்றிட பம்பு வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் நீக்கி, உற்பத்தியாளர் குறித்துள்ள எடைக்கு நிறுத்து நிரப்புவதே முறையான பழுதுபார்ப்பு. கசிவை அடைக்காமல் நிரப்புபவருக்கு அடுத்த ஆண்டும் நீங்கள் பணம் கொடுக்கத்தான் நேரும்.

குளிர் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் தூசி படிந்த ஃபில்டர்தான். ஏ.சி. ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வெளி யூனிட்டைச் சுற்றிப் பழைய சாமான்களை அடைத்து வைக்காதீர்கள். இவை இரண்டையும் செய்த பிறகும் குளிரவில்லை என்றால் மட்டும் மெக்கானிக்கை அழையுங்கள். கேஸ் குறைவு என்று அவர் சொன்னால், கசிவு இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு சம்மதியுங்கள்.