சீருடைப் பையில் ஒரு வெள்ளைப் பொட்டலம்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகனின் சீருடையைத் துவைக்கும்போது பையில் சின்ன வெள்ளைப் பொட்டலம் கிடந்தது. 'கூல் லிப்' என்கிறார்கள். பீடி பிடிக்கும் அவன் அப்பா அவனை அடித்துவிட்டார். கேரள எல்லையில் இருப்பதால்தான் இதெல்லாம் வருகிறதா? தாத்தாவுக்குப் புகையிலை வாங்கி வருவதும் அவன்தான்.
– ஒரு தாய், புளியரை

பதில்: அது புகையிலைதான் அம்மா. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்வார்கள். புதினா வாசனை அடிப்பதால் வகுப்பில் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அவன் உதட்டை விலக்கிப் பாருங்கள். ஒதுக்கும் இடம் வெளுத்துச் சுருங்கியிருந்தாலோ, ஈறு இறங்கியிருந்தாலோ பல் டாக்டரிடம் காட்டுங்கள். பாக்கு கலந்த புகையிலையும் போடுவானென்றால், அவனுடைய மூன்று விரல்களைச் சேர்த்து நெடுக்காக வாயில் வைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் தாமதிக்கவே கூடாது.

எல்லையைக் குறை சொல்லிப் பயனில்லை. குட்காவைக் கேரளம் 2012-லும் தமிழ்நாடு 2013-லும் தடை செய்துவிட்டன. 2019-இல் நாடு முழுக்க 13–15 வயது மாணவர்களிடம் எடுத்த கணக்கில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு புகையிலையைப் பயன்படுத்தினார்கள். புகையில்லாப் புகையிலையைத் தொட்டவர்களில் பாதிப் பேர் பத்து வயது நிறையும் முன்பே தொட்டவர்கள்.

போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் உங்கள் கடிதத்தில் கனமானது. கடைக்காரருக்கு அவன் முகம் பழக்கம். மீதிச் சில்லறையும் அவன் கையில். தாத்தாவின் புகையிலையை இனிப் பெரியவர்கள் யாராவது வாங்கட்டும். மகன் விடும் நாளிலேயே அப்பாவும் பீடியை நிறுத்தட்டும். பீடி நாறும் கையால் விழும் அடிக்கு என்ன மதிப்பு?

வெள்ளிக்கிழமை மாலை தொடங்குங்கள். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை முதல் மூன்று நாள் படுத்தும். அதில் இரண்டு நாள் வீட்டிலேயே கழியும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மெல்லத் தணியும். ஆசை கிளம்பினால் ஐந்து, பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை சோம்போ வறுத்த கடலையோ மெல்லட்டும். பாக்குத்தூள் மட்டும் வேண்டாம். நிகோடின் சூயிங்கத்தை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். 1800 11 2356, புகையிலையை விட உதவும் அரசின் இலவச எண், அவனே பேசட்டும்.

பெரும்பாலும் காரியம் கெடுவது, ஒருமுறை வழுக்கியதும் விழும் அடியால். அப்புறம் ஒளித்துப் போடப் பழகிவிடுவான். எந்த நேரம், யாரோடு என்று மட்டும் கேளுங்கள். டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என்றால், பத்து நாள் நீங்களே போய்க் கூட்டி வாருங்கள்.

பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடையைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். மகன் பெயர் அதில் வர வேண்டாம்.