டிவியைச் சுற்றித் தொங்கும் வயர்களை எப்படி மறைப்பது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஹோலில் 43 அங்குல டிவியைச் சுவரில் மாட்டியிருக்கிறோம், கீழே ஒரு மரக் கபினட் இருக்கிறது. பிளக் பொயின்ட் பன்னிரண்டு அடி தள்ளி மூலையில் இருப்பதால் எக்ஸ்டென்ஷன் கோட் இழுத்திருக்கிறோம். அதோடு டிஷ் வயர், ரவுட்டர் வயர் எல்லாம் சேர்ந்து பார்க்கவே சகிக்கவில்லை. சுவரைக் கொத்தாமல் மறைக்க வழி உண்டா? எக்ஸ்டென்ஷன் கோட்டைக் கார்ப்பெட்டுக்குக் கீழே விடலாமா?

பதில்: கார்ப்பெட்டுக்குக் கீழே விடவே வேண்டாம். மேலே நடக்க நடக்க வயரின் உறை நசுங்கும், சூடு வெளியேற இடமிருக்காது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் எப்படிக் கூட்டினாலும் கார்ப்பெட்டுக்கு அடியில் மணல் சேரும். அது சாண்ட் பேப்பர் போல உறையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே செம்பு தெரியத் தொடங்கினாலும் மேலே இருந்து யாருக்கும் தெரியாது.

சுவரைக் கொத்தாமல் மறைக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் முதலில் மாற வேண்டியது பிளக் பொயின்ட் இருக்கும் இடம். அது டிவிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் பாதி வயர் தானாகவே இல்லாமல் போகும். மூலையில் இருக்கும் பொயின்டில் இருந்து கபினட்டின் பின்புறம் வரை, தரையை ஒட்டி 25×16 மில்லிமீட்டர் பிவிசி கேசிங் (வயரை உள்ளே விட்டு மூடும் பிளாஸ்ரிக் பட்டி) அடித்து, அதற்குள் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் லைவ், நியூட்ரல், ஏர்த் மூன்றையும் இழுத்து, 13 அம்பியர் இரட்டைப் பொயின்ட் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். இது எலக்ட்ரிசியன் செய்ய வேண்டிய வேலை. பழைய பொயின்டில் ஏர்த் உண்மையாகவே வேலை செய்கிறதா, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்பதையும் அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள். இருக்கிற எக்ஸ்டென்ஷன் கோட்டையே கேசிங்குக்குள் தள்ளி மூடிவிடலாம் என்று தோன்றும். அது தற்காலிகப் பாவனைக்கான வயர், நிரந்தர வயரிங்குக்கு ஆகாது.

பொயின்டை டிவிக்கு நேர் பின்னால் வைக்க நினைப்பவர்கள் பலர். சுவருக்கு மேல் வரும் பெட்டியும் அதில் செருகிய பிளக்கும் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று அங்குலம் வெளியே நிற்கும். தட்டையான பிராக்கெட்டில் அவ்வளவு இடைவெளி இருக்காது, டிவி சுவரோடு அமராது. ஆகவே கபினட்டுக்குப் பின்னால், தரையில் இருந்து ஓரடி உயரத்தில் வைப்பதே வசதி.

அங்கிருந்து டிவியின் அடி விளிம்பு வரை நேராக இரண்டு 25×16 கேசிங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றுங்கள். ஒன்றில் டிவியின் மின் வயர் மட்டும். மற்றதில், படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளும் நெட்வொர்க் கேபிளும். டிஷ் வயர் வந்து சேரும் செட் டொப் பொக்ஸைக் கபினட்டிலேயே வைத்தால் அந்த வயர் மேலே போகத் தேவையில்லை. கேசிங்கின் உள்ளிடத்தில் பாதிக்கும் குறைவாகவே நிரப்புங்கள். அமுக்கித் திணித்தால் மூடி நாளடைவில் எழும்பும். மூடி திறக்கக்கூடியது என்பதால் எச்டிஎம்ஐ தலை உள்ளே நுழையுமா என்ற கவலையும் இல்லை. சுவருக்குள் குழாய் பதிப்பவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி. அவர்கள் 50 மில்லிமீட்டர் குழாய் போட வேண்டும், 90 பாகையில் திரும்பும் எல்போ இணைப்பு வைக்கவே கூடாது.

கேசிங்கின் பின்னால் வரும் ஒட்டும் டேப்பை நம்பாதீர்கள். டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு பூசிய சுவரில் டேப் சுவரைப் பிடிக்காது, பூச்சைத்தான் பிடிக்கும். கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் பூச்சோடு சேர்ந்து உரிந்து விழும். ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, ரோல் பிளக் (ஸ்குரூவைப் பிடிக்கும் பிளாஸ்ரிக் உறை) வைத்து, ஓர் அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூவால் பூட்டுங்கள். சாதாரண இரும்பு ஸ்குரூ உப்புக்காற்றில் துருப்பிடித்து, வெள்ளைக் கேசிங்கில் மண்ணிறக் கோடு இறக்கும். சுவிச், பொயின்ட் ஆகியவற்றுக்கு நேர் மேலும் நேர் கீழும், அவற்றின் மட்டத்தில் இடம் வலமாகவும் துளை போடாதீர்கள். உள்ளே வயர் பெரும்பாலும் ஓடுவது அந்த வழிகளில்தான். கேசிங் சுவரோடு சுவராகத் தெரிய வேண்டுமென்றால், மெல்லிய சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்து, பிரைமர் அடித்து, சுவரின் அதே எமல்ஷனைப் பூசுங்கள். மூடியைத் தனியாக வைத்துப் பூசிக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். மாட்டிய பின் பூசினால், அடுத்த முறை திறக்கும்போது விளிம்பில் பெயின்ட் உரியும்.

ரவுட்டருக்கு வருவது ஃபைபர் வயர் என்றால் அதைத் தனியாகக் கவனியுங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மூலைகளில் மடிக்காமல், குறைந்தது 3 சென்ரிமீட்டர் ஆரத்தில் வளையுங்கள், ஸ்டேப்பிள் ஆணி அடிக்காதீர்கள். கபினட்டை ஒழுங்கு செய்த கையோடு ரவுட்டரில் சிக்னல் அறுந்ததைக் காட்டும் எல்.ஓ.எஸ் விளக்கு சிவப்பாக மாறினால், எங்கோ நசுங்கிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ரவுட்டரைக் கபினட்டின் மேலேயே வையுங்கள். உள்ளே வைத்தால் சூடேறும், வைஃபையும் குறையும்.

கபினட்டின் பின்பலகையில் மேலும் கீழும் காற்றுத் துளைகள் வேண்டும். மிஞ்சிய வயரை இறுக்கிச் சுருட்டிக் கட்டாமல், தளர்வாக மடித்து வெல்குரோ பட்டியால் கட்டுங்கள். டிவியின் பிளக்கில் 13 அம்பியர் ஃபியூஸ் இருந்தால் 3 அம்பியருக்கு மாற்றுங்கள். 690 வொட் வரை அது தாங்கும், 43 அங்குல டிவிக்குத் தாராளம். மெல்லிய வயரைக் காப்பாற்றுவது அந்தச் சிறிய ஃபியூஸ்தான். மறைத்த பிறகும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கின் உலோகப் பின்களில் பச்சை பூத்திருந்தால் அல்லது பிளாஸ்ரிக் மண்ணிறமாகியிருந்தால் அந்தப் பொயின்டையே மாற்ற வேண்டும்.

டிவி பிளக்கும் டிஷ் வயரும் கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கட்டும். இடி முழங்குவதற்கு முன்பே இரண்டையும் கழற்றிவிட வேண்டும், கபினட்டை நகர்த்தினால்தான் எட்டும் என்றால் யாரும் கழற்றமாட்டார்கள். டிஷ் வயர் வரும் சுவர்த் துளையை வெளிப்பக்கம் சற்றுச் சரியும்படி போடுங்கள். வெளியே, துளைக்குள் நுழைவதற்கு முன் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, துளையைச் சிலிக்கனால் அடையுங்கள். மாரி மழை வயர் வழியே உள்ளே வராமல் அந்த வளைவின் அடியிலேயே சொட்டி விழுந்துவிடும்.