பழைய செடான் கார் வாங்க நாலரை லட்சம் வைத்திருக்கிறேன், ஊர் பாலக்கோடு. பெட்ரோல் எடுக்கலாமா, டீசலா?

கேள்வியைப் பார்த்ததும் பழைய புண்ணில் கை பட்ட மாதிரி இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன். பாலக்கோடு என்கிறீர்கள். தினமும் ஊருக்குள் ஓட்டம், வாரக் கடைசியில் தர்மபுரி, எப்போதாவது மாமியார் வீடு, வருடத்துக்கு ஒருமுறை திருப்பதி, இவ்வளவுதானே? இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். தினம் ஓசூர் போய் வருகிறவர் என்றால் இதைப் படிக்கவே வேண்டாம், நல்ல டீசலாகப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

எனக்குக் காவேரிப்பட்டணத்தில் சின்னதாக ஓர் உரக்கடை. வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். 2018-ல் ஒரு டீசல் செடான் வாங்கினேன், 2013 மாடல், இரண்டாவது ஓனர். என்ன கம்பெனி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அதை வைத்திருப்பவர்கள் எல்லாம் வந்து திட்டுவார்கள், அதோடு தப்பு வண்டி மேல் இல்லை, என் மேல்தான். 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபத்தைந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது, அந்தக் கணக்கு மண்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு நிலைமை மாறிக்கொண்டே வந்தது எனக்கு உறைக்கவில்லை. போதாததற்கு என் மச்சான், “தொப்பூர் ஏத்தத்துல நாலு பேர ஏத்திக்கிட்டு பெட்ரோல் வண்டிய ஓட்டிப் பாரு மாமா, அப்பத் தெரியும்” என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி) பிடித்த பிறகு டீசல் இழுக்கும் இழுவை இருக்கிறதே, இன்றைக்கும் அதற்கு ஏங்குகிறேன். ஆனால் நான் தொப்பூர் ஏறியது மாதத்துக்கு ஒரு தடவை. மீதி நாளெல்லாம் நாலு கிலோமீட்டர் போய் நிறுத்துவது, நாலு கிலோமீட்டர் வந்து நிறுத்துவது. டீசல் இன்ஜின் சூடாக நேரம் எடுக்கும், அது சூடாவதற்குள் நான் கடைக்கு வந்துவிடுவேன். கரியெல்லாம், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புகிற இ.ஜி.ஆர் வால்விலும் காற்று போகிற வழியிலும் அப்பிக்கொண்டது. முதலில் லேசாகக் கரும்புகை, நான் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் 2020 பிப்ரவரியில் சேலத்தில் ஒரு கல்யாணம் முடிந்து ராத்திரி திரும்பும்போது, எந்த ஏற்றத்துக்காக அந்த வண்டியை வாங்கினேனோ அதே தொப்பூர் ஏற்றத்தில், மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி முப்பதுக்கு மேல் போகவே மாட்டேன் என்றது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், பின் சீட்டில் அம்மா முருகா முருகா என்கிறார், பக்கத்தில் மச்சான், வாயே திறக்கவில்லை.

இ.ஜி.ஆர், டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் இரண்டு, டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்தது, கூலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். தர்மபுரி மெக்கானிக் அண்ணன் பில்லைக் கையில் கொடுத்துவிட்டு, “வாரத்துல ஒரு நாளாவது பெங்களூர் ரோட்டுல ஒரு மணி நேரம் விரட்டியிருந்தீங்கன்னா இந்தச் செலவே வந்திருக்காது” என்றார். கடையைச் சாத்திவிட்டு காரை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போவதா? அடுத்த வருடம் விற்றுவிட்டேன்.

கணக்கை நீங்களே போடுங்கள். இப்போது வித்தியாசம் லிட்டருக்கு எட்டு ஒன்பது ரூபாய்தான். பழைய பெட்ரோல் செடான் நம் ஊர் ஓட்டத்துக்கு லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர் கொடுக்கும், டீசல் 19, 20 கொடுக்கும். கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால் ஆயிரம் ரூபாய், வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். என்னுடைய அந்த ஒரு பில் கிட்டத்தட்ட நாலு வருட மிச்சத்தைத் தின்றுவிட்டது. மாதம் 1500-க்கு மேல் ஓடினால் கதையே வேறு, அங்கே டீசல்தான் ஜெயிக்கும், ஆகவே டீசல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புது மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் கரி வடிகட்டி வேறு இருக்கிறது, அதற்கும் இந்தக் குட்டை ஓட்டம் ஆகாது.

இந்த விலைக்கு உங்கள் கண்ணில் படப்போவது டிசையர், எட்டியோஸ், அமேஸ், எக்ஸென்ட். பழைய டிசையர் டீசலில் இருப்பது பியட் வடிவமைத்த 1248 சிசி இன்ஜின், டாடா மான்சாவிலும் அதே குடும்பம்தான், அதனால் கை தெரிந்த மெக்கானிக் எங்கேயும் கிடைப்பார். நான் இப்போது வைத்திருப்பது எட்டியோஸ் பெட்ரோல், 1496 சிசி. மீட்டர் டேஷ்போர்டுக்கு நடுவில் இருக்கும், அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் டிக்கியில் பாதிக் கடையை ஏற்றலாம். பெட்ரோலில் இன்னொரு நிம்மதி, இந்த மாடல்களில் பெங்களூரில் டாக்ஸியாக ஓடித் தேய்ந்ததெல்லாம் பெரும்பாலும் டீசல்தான். மீட்டரைத் திருப்பி அறுபதாயிரம் என்று காட்டுவார்கள், ஆனால் பெடல் ரப்பரும் டிரைவர் சீட்டும் ஸ்டியரிங்கும் உண்மையைச் சொல்லிவிடும். கர்நாடகாவின் கேஏ நம்பர் வண்டி மலிவாகத் தெரியும், ஆனால் அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும், அந்த அலைச்சலையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்சியில் லோன் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வண்டி பார்க்கக் காலையில், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் போய் நில்லுங்கள். போனட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வருவது பரவாயில்லை, குபுகுபுவென்று புகை தள்ளினால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அறுப்புக் காலத்தில் நம் பக்கம் கொள்ளுச் செடியை ரோட்டில் கொட்டிப் பரப்பி, போகிற வண்டியெல்லாம் மிதிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். செடான் தாழ்வான வண்டி, போன தை மாதம் கொடி அடியில் சுற்றி, சைலன்ஸர் சூட்டில் கருகி, நல்லவேளை வாசனை வந்ததும் நிறுத்திவிட்டேன். விவசாயிகளுக்கு உரம் விற்றுத்தான் நானும் சாப்பிடுகிறேன், களம் இல்லாதவர் கஷ்டம் எனக்கும் தெரியும், யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் நான் ரோட்டில் படுத்துக் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது, என் கடையிலேயே கடன் பாக்கி வைத்திருக்கிற அந்தப் பெரியவர், “உங்க காரு நல்லா மிதிக்குது, இன்னொரு ரவுண்டு போயிட்டு வாங்க” என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வண்டி பார்க்கப் போனால் குனிந்து அடியிலும் பாருங்கள். கொள்ளுக் கொடி சுற்றியிருந்தால் நம்ம ஊர் வண்டி, பெங்களூர் டாக்ஸி இல்லை.