போர்ட் ஒயின் என்பது சாராயம் கலந்த ஒயின்தானா? எதனோடு சாப்பிட வேண்டும்?

கோவாவில் ‘போர்ட்’ என்று லேபிள் ஒட்டிய மலிவான பாட்டிலைக் குடித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதன்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் அசல் போர்ட், போர்ச்சுகலின் டோரோ நதிப் பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சையில் செய்தது. நான் அந்த நதி கடலில் சேரும் இடத்துக்கு அருகே, விலா நோவா டி கையாவில், ஓர் ஒயின் கிடங்கில் வருகிறவர்களுக்கு ஊற்றிக்கொடுத்து விளக்கம் சொல்கிறவன். அதனால் உங்கள் கேள்வி கொஞ்சம் சுட்டது.

சாராயம் சேர்ப்பது உண்மை. ஆனால் செய்து முடித்த ஒயினில் அல்ல, பாதி புளிக்கும்போதே.

ஒரு செப்டம்பரில் அறுவடைக்கு ஆள் போதாமல் எங்களையும் டோரோவில் பின்யாவ் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பல இடங்களில் இப்போது இயந்திரம்தான் மிதிக்கிறது. அங்கே இன்னும் கால்தான். ‘லகார்’ என்ற கருங்கல் தொட்டியில் தொடையளவு திராட்சை. முதல் இரண்டு மணி நேரம் தோளோடு தோள் கோத்து, மேற்பார்வையாளர் எண்ணும் தாளத்துக்கு அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். குளிர் எலும்பில் இறங்கும், காம்பு குத்தும். அதற்கப்புறம் அக்கார்டியன் வாசிப்பார்கள், இஷ்டத்துக்கு ஆடலாம். களத்தில் சுற்றிச் சுற்றி வரும் போரடி மாட்டின் பாடு அன்றைக்குத்தான் புரிந்தது.

விதை உடைந்தால் கசக்கும். பாதம் தோலை மட்டும் நசுக்கும். நேரமும் கிடையாது. இரண்டு மூன்று நாளுக்குள் நிறம் முழுக்க இறங்கியாக வேண்டும். சர்க்கரையில் ஏறத்தாழ பாதி புளித்ததும் சாற்றை வடித்து, நாலு பங்குக்கு ஒரு பங்கு என 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் செத்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே நிற்கும். அந்த இனிப்பு திராட்சையுடையது, சீனி போட்டது இல்லை. ஆல்கஹால் சுமார் 20 சதவீதம்.

கலப்படம் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: அதுவும் நடந்தது, 18ஆம் நூற்றாண்டில். நிறத்துக்காக எல்டர்பெர்ரி என்ற கரும்பழத்தின் சாற்றைக் கலந்தார்கள். 1756இல் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு, போர்ட் விளையும் டோரோ பகுதிக்கு எல்லை வகுத்தபோது அந்த மரங்களையே பிடுங்க வைத்தார்கள்.

இதையெல்லாம் ஊரில் சொல்ல முடிகிறதா? ஒரு கல்யாண வீட்டில் என் மாமா, “டாஸ்மாக்குல நிக்கிறதுக்கு ஏரோப்பிளேன் ஏறிப் போகணுமாடா?” என்றார். பந்தியே சிரித்தது. அதே மாமா மகள் காலேஜ் ஃபீஸுக்கு என்னிடம் வாங்கிய பணம் இன்னும் திரும்பவில்லை. சாராயக் காசு என்று தெரிந்துதான் வாங்கினார். சரி, விடுங்கள்.

குடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

திராட்சை ஒன்றல்ல, பல சேர்ந்தது. அதிகம் பயிராவது டூரிகா ஃபிரான்கா. பெயரெடுத்தது டூரிகா நாசியோனல். சின்னப் பழம், கெட்டித் தோல். டின்டா ரோரிஸ் என்பது ஸ்பெயினின் டெம்ப்ரனீயோதான். ரூபி வகை செக்கச் சிவப்பு. பிளம், செர்ரி வாசம். இதற்கு ஸ்டில்டன் போன்ற உப்புத் தூக்கலான நீலச் சீஸ், இல்லையென்றால் டார்க் சாக்லேட். டானி வகை, மரப் பீப்பாயில் பல வருடம் காற்றோடு பழகிப் பழுப்பேறியது. வால்நட், அத்தி வற்றல், கேரமல் எல்லாம் வரும். இங்கே வறுத்த பாதாமோ முட்டைக்கரு இனிப்புகளோ வைப்பார்கள். நான் வீட்டில் கடலைமிட்டாய் வைத்துக்கொள்வேன், நிபுணர்கள் மன்னிக்கட்டும். பிரியாணியோடு வேண்டாம், ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும்.

டானியைக் கொஞ்சம் குளிரவைத்துக் குடியுங்கள், ஐஸ் போடாதீர்கள். விண்டேஜ் போர்ட், அதாவது ஒரே நல்ல வருடத்து அறுவடையில் செய்தது, திறந்தால் இரண்டொரு நாளில் முடிக்க வேண்டும், அடியில் வண்டலும் இருக்கும். டானி திறந்த பிறகும் ஃபிரிட்ஜில் சில வாரம் தாங்கும். தனியாக இருப்பவர் என்றால் 10 வருட டானியே வாங்குங்கள்.