"ஒருவிதத்தில் எனக்கும் நிம்மதிதான்"

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 34 வயது. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் துணையாகப் போகும் வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஸ்டேஷன், ஜி.எச்., மாஜிஸ்திரேட் முன்னால் 164 வாக்குமூலம் (சட்டப் பிரிவு எண் இப்போது 183 என்று மாறிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் 164தான்), கோர்ட் என்று எல்லா இடத்துக்கும் கூடவே போக வேண்டும்.

என் பிரச்சினை ஆபீஸ்தான். ஒப்பந்த வேலை. சம்பளம் சொன்ன தேதிக்கு வராது. போன தீபாவளிக்கு இரண்டு மாத பாக்கி. பஸ் காசும் என் கையிலிருந்துதான். தூக்கம் வரவில்லை என்று மேலதிகாரியிடம் சொன்னேன். "இந்த வேலைக்கு மனசு கல்லா இருக்கணும்மா, ஒத்து வரலன்னா சொல்லு" என்றார். ஆறு வருடத்தில் ஒரு கேஸைக்கூட நான் பாதியில் விட்டதில்லை. என்னைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா?

கோர்ட்டிலும் அதே கதை. கூடியவரை ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்கணும், பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூடாது என்றெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கு வாய்தா மேல் வாய்தா. போன மாதம் ஒரு ஏழு வயதுப் பிள்ளை காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருந்தாள். ஒரு கோடுகூடப் போடவில்லை. அந்த 'டிக்' சத்தம் இப்போது ராத்திரியில் எனக்குக் கேட்கிறது. அன்றைக்கும் வாய்தாதான்.

வீட்டிலும் ஆதரவு இல்லை. "கண்ட கதையெல்லாம் கேட்டுட்டு வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறா" என்கிறார் மாமியார். கணவர் முன்பெல்லாம் ஆறுதலாகப் பேசுவார், இப்போது அவரும் பேசுவதில்லை. ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அவளை மடியில் உட்கார வைத்து நகம் வெட்டிவிடுவார். ஒருநாள் ராத்திரி பாப்பாவிடம் சும்மா ரெண்டு கேள்வி கேட்டேன், அது அவர் காதில் விழுந்துவிட்டது போல. அதிலிருந்து மடியில் உட்கார வைப்பதே இல்லை. ஒருவிதத்தில் எனக்கும் நிம்மதிதான். அது போகட்டும்.

சம்பளமும் ஒழுங்காக இல்லை, மரியாதையும் இல்லை. கல் மனசு மட்டும் வேண்டுமாம். விட்டுவிடலாம் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த ஏழு வயதுப் பிள்ளை என்னைத் தவிர யாரோடும் உள்ளே போக மாட்டாள். வேலையை விடவா, தொடரவா? மனசைக் கல்லாக்கிக்கொள்ள ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், கொங்குப் பக்கம்


அன்புள்ள தங்கைக்கு,

சம்பளத்தைப் பற்றியும் மேலதிகாரியைப் பற்றியும் நீங்கள் எழுதியதெல்லாம் நியாயம். ஆனால் "அது போகட்டும்" என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தில் என்னால் தாண்ட முடியவில்லை.

உங்களிடம் ஒரு அம்மா வந்து இதையே சொல்லியிருந்தால் நீங்கள் என்ன கேட்பீர்களோ, அதை முதலில் கேட்டுவிடுகிறேன். கண்ணால் எதையாவது பார்த்தீர்களா? பாப்பா ஏதாவது சொன்னாளா? அவள் போக்கில் மாற்றம் ஏதும் உண்டா? உண்டென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். கணவர் என்று பார்க்க வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்படி ஒன்றும் அதில் இல்லை. இருப்பது ஒரு மனிதர், ஒரு நகவெட்டி, உங்கள் 'ரெண்டு கேள்வி'.

அந்தக் கேள்விகளை நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும். தினமும் கேட்கிற கேள்விகள்தானே அவை. எந்தப் பெற்றோரும் பிள்ளைக்குத் தொடுதலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும், அது வேறு. நீங்கள் ராத்திரியில், கேஸ் எழுதுகிற குரலில், அப்பாவைப் பற்றிப் பெண்ணிடம் விசாரித்திருக்கிறீர்கள். அதை ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். சண்டை போடவில்லை, மாமியாரிடம் சொல்லவில்லை, மடியை மட்டும் எடுத்துக்கொண்டார். இந்தக் கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்தது அவருக்காகத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதனால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. 1990-லேயே மெக்கான், பேர்ல்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களின் கதையை வருடக்கணக்கில் கேட்பவருக்குத் தூக்கம் கெடுவதோடு நிற்பதில்லை. எது பத்திரம், யாரை நம்பலாம், யாரிடம் நெருங்கலாம் என்று அவர் மனசுக்குள் வைத்திருக்கும் கணக்கே மாறிப்போகிறது என்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டில், அதிர்ச்சிக்கு ஆளாகிறவர்களுக்கு, குழந்தை வன்கொடுமை விவரங்களை வேலை நிமித்தம் மறுபடி மறுபடி எதிர்கொள்ளும் போலீஸ்காரர்களையே உதாரணம் காட்டியிருக்கிறார்கள். பிள்ளை திரும்பத் திரும்ப வந்து சொல்லக் கூடாது என்று நம் சட்டம் யோசித்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவள் எத்தனை தடவை கேட்கலாம் என்பதற்கு ஒரு பிரிவும் இல்லை.

இன்னொன்று. ஆறு வருடமாக உங்கள் மேஜைக்கு எந்தெந்த வீடுகள் வந்தன? மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா, சில சமயம் அப்பா. மகளுக்கு நகம் வெட்டிவிட்ட குற்றத்துக்காக எந்த அப்பாவுக்கும் நீங்கள் ஃபைல் திறந்ததில்லை. நல்ல வீடுகள் உங்கள் வாசலுக்கு வருவதே இல்லை. அதனால் உலகத்தில் அவை இல்லை என்று உங்கள் மனசு முடிவு கட்டிவிட்டது. கல் மனசு கேட்கிறீர்கள். அது ஏற்கெனவே வந்துவிட்டது. ஆபீஸுக்கு வராமல் நேரே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

"நான் விட்டால் வேறு யார்" என்பதில் பாதி அன்பு, பாதி கர்வம். அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு உங்களைத் தவிர யாருமில்லை என்றால், ஒருநாள் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் என்ன செய்வாள்? புதியவர் ஒருவரை இப்போதிருந்தே அந்த பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

வேலையை விடுவதா என்பதை இந்த நிலைமையில் முடிவெடுக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளின் புதிய கேஸ் வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். மேலதிகாரி கல்லைப் பற்றிப் பேசினால் பேசட்டும், கொடுத்ததற்கு நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். தூக்கத்துக்கு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கணவரிடம் பேசுங்கள். கேஸ் விவரம் எதுவும் சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது. "எனக்கு இந்த வேலையில் இப்படி ஆகிவிட்டது, அன்றைக்கு உங்களைச் சந்தேகப்பட்டுத்தான் கேட்டேன்" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். 'சும்மா கேட்டேன்' என்று பூசாதீர்கள். அவர் உடனே சமாதானம் ஆகமாட்டார். கத்தினாலும் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் உங்களைவிட அனுபவசாலி யார்?

பாப்பாவின் நகத்தை இப்போது யார் வெட்டுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பேசி முடித்த பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகவெட்டியை நீங்களே எடுத்து அவர் கையில் கொடுங்கள். வாங்கிக்கொண்டாரென்றால் அடுப்படிக்குப் போய்விடுங்கள். கதவோரம் நிற்க வேண்டாம்.